அந்த வைனை ஒளிக்காதே, தம்பி

தம்பி, போன ஞாயிற்றுக்கிழமை நீ அம்மாவோடு கதைத்தபோது நான் வீட்டில் இல்லை என்று நினைத்துக்கொண்டாய். நான் குசினியில்தான் இருந்தேன், வெங்காயம் உரித்துக்கொண்டு. அம்மாவுக்குக் காது மந்தமாகிவிட்டது, ஃபோனைச் சத்தமாகப் போட்டுத்தான் கதைப்பாள் என்பது உனக்குத் தெரியாததல்ல. மண்டபம், மேளம், கூறை, பெண்வீட்டாரின் சொந்தக்காரர் என்று எல்லாம் பேசி முடித்துவிட்டுக் கடைசியில் குரலைத் தாழ்த்தி ஒன்று சொன்னாய். "அம்மா, அப்பா வரமுன்னம் கீழ இருக்கிற வைன் சாடியெல்லாத்தையும் பக்கத்து வீட்டுக்காரன்ர கராஜுக்கு மாத்திப்போடுவன். நீங்கள் ஒண்டும் சொல்லிப்போடாதேங்கோ." அம்மா "ஓம், ஓம்" என்றாள். மொன்றியலில் உன் வீட்டு நிலவறையில் நீ வைன் போடுகிறாய் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். அம்மாவுக்கு எத்தனை காலமாகத் தெரியும் என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் அவள் சொல்லமாட்டாள்.

கல்யாணத்துக்கு உங்களுக்கு என்ன வேணும் அப்பா என்று நீ இரண்டு தரம் கேட்டாய். வேட்டி இருக்கிறது, சால்வை இருக்கிறது என்று சொல்லித் தப்பிவிட்டேன். வாயால் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன். உன்னோடு ஒரே மேசையில் இருந்து ஒரு கிளாஸ் வைன் குடிக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அந்தச் சாடிகளைக் கராஜுக்கு மாற்றாதே. தமிழ் வாசிக்கக் கஷ்டம் என்று இதை மூடி வைத்துவிடாதே. சனிக்கிழமை சனிக்கிழமையாக உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனது வீணாகப் போகக்கூடாது. நீ பிரெஞ்சில் அழுவாய், நான் தமிழில் ஏசுவேன், மெற்றோவில் இருக்கிற சனம் எல்லாம் எங்களைத்தான் பார்க்கும்.

நாங்கள் போட்ட வைனின் கதை உனக்கு அரைவாசிதான் தெரியும். மற்ற அரைவாசி எனக்கே பாரிஸ் லாச்சப்பல் வீட்டைக் காலி செய்த அன்றைக்குத்தான் தெரிந்தது. 2009ஆம் வருஷத்தை நீ மறந்திருக்கமாட்டாய். ஊரில் போர் முடிந்த அந்த மே மாதத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் கதை நின்றுபோயிருந்தது. சண்டை ஒன்றும் இல்லை. தொலைக்காட்சி ஓடும், மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருப்போம், ஒருவருக்கும் வாய் திறக்காது. ஊரிலிருந்து வரவேண்டிய சில ஃபோன்கள் வரவேயில்லை. நீ பல்கலைக்கழகத்தில் முதல் வருஷம். ஊர்வலம் ஊர்வலமாகப் போய்க் கத்தித் தொண்டை கட்டி வந்தவன், எல்லாம் முடிந்த பிறகு அறைக் கதவைச் சாத்திக்கொண்டாய். கதவைத் தட்டி என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. வேலைக்குப் போவேன், வருவேன், உன் கதவடியில் ஒரு நிமிஷம் நிற்பேன், போய்ப் படுப்பேன்.

குளிர் தொடங்குகிற நேரம் ரொறன்ரோவிலிருந்து சித்தப்பா வந்தான். எங்களைப் பார்க்க வருகிறவர்கள் மிளகாய்த்தூள் கொண்டுவருவார்கள், பனங்கட்டி கொண்டுவருவார்கள். என் தம்பி கனடாவிலிருந்து பிரான்ஸுக்கு வைன் கொண்டுவந்தான். பெட்டியைத் திறந்தால் ஒரு பெரிய பையில் காய்ச்சின திராட்சைச் சாறு, பாணி மாதிரிக் கெட்டியாக. கூடவே சின்னச் சின்னப் பொட்டலங்களில் ஈஸ்ட், ஏதோ மண் மாதிரி ஒரு தூள், ஓக் மரச் சீவல், இன்னும் இரண்டு மூன்று வெள்ளைத் தூள்கள்.

"அடேய், கீழ இறங்கினால் மூலைக் கடையில நல்ல வைன் விக்கிறான். இதையோ கடல் தாண்டிச் சுமந்துகொண்டு வந்தனி?" என்று கேட்டேன்.

"வாங்கிக் குடிக்கிறது வேற, அண்ணை. அங்கை எங்கட ஆக்கள் கனபேர் வீட்டிலதான் போடுகினம்." பிறகு உன் அறைக் கதவைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான். "இஞ்சை ஒராளும் ஒராளோட கதைக்கினமில்லை. கையுக்கு ஒரு வேலை வேணும்."

அவன்தான் உன் கதவைத் தட்டி, செய்முறைத் தாளை வாசித்துச் சொல்ல ஆள் இல்லை என்று உன்னை வெளியே கூப்பிட்டான். பொய். அவனுக்கு அதெல்லாம் மனப்பாடம். நீ வந்து நிலத்தில் சப்பாணி கட்டி இருந்து வாசித்தாய். முதலில் மண் தூளைச் சுடுதண்ணீரில் கரைக்க வேண்டும், பிறகு சாறு, பிறகு வாளியில் கோடு போட்ட இடம் வரைக்கும் தண்ணீர், கடைசியில் ஈஸ்டை மேலே தூவிவிட்டுக் கலக்காமல் விட வேண்டும். நான் பழக்கதோஷத்தில் அகப்பையைப் போட்டுக் கலக்கிவிட்டேன். "அப்பா, கலக்கக்கூடாது எண்டு இப்பதானே சொன்னனான்" என்று நீ கத்தினாய். மாதக்கணக்கில் நீ என்னோடு பேசிய முதல் முழு வசனம் அது. ஏச்சு வாங்கினதில் இவ்வளவு சந்தோஷம் வருமென்று எனக்குத் தெரியாது.

சித்தப்பா ஒரு கிழமையில் திரும்பிப் போய்விட்டான். வாளி எங்கள் இரண்டு பேரின் பொறுப்பாயிற்று. சாமித்தட்டுக்கு நேரே வைக்கக்கூடாது என்று அம்மா பிடிவாதமாய் நின்றதால் அறைகளுக்கு இடையில் இருக்கிற ஓடையில், ஹீட்டருக்குப் பக்கத்தில், என் பழைய கம்பளியைச் சுற்றி வைத்தோம். மூடியில் செருகின, தண்ணீர் விட்ட சின்னக் குழாய்க்குள்ளால் காற்று புளக் புளக் என்று வரும். "வீடு கள்ளுத் தவறணை மாதிரி நாறுது" என்று அம்மா சாம்பிராணி போடுவாள், சாம்பிராணிப் புகையில் வாளியில் ஒட்டின வெப்பமானி தெரியவில்லை என்று நீ யன்னலைத் திறப்பாய், குளிர் பட்டால் ஈஸ்ட் செத்துப்போகும் என்று நான் சாத்துவேன். நொதிப்பு அடங்கினதும் குழாய் வைத்துக் கண்ணாடிச் சாடிக்கு மாற்றினோம். வைனுக்குள் இருக்கிற காற்றைக் கலக்கி வெளியேற்ற வேண்டும் என்று தாளில் இருந்தது, அதற்குரிய கோல் எங்களிடம் இல்லை. அம்மாவின் மோர் மத்தை எடுத்துக் கடைந்தோம். நுரை பொங்கி உன் சட்டையெல்லாம் சிவப்பு. அந்த மத்தை அம்மா திரும்ப வாங்கவேயில்லை.

அதன் பிறகு காத்திருக்கிற வேலைதான். சித்தப்பா ஃபோனில் கண்டிப்பாகச் சொன்னான். "அண்ணை, ஆறு மாசம் தொடக்கூடாது. சாடி கழுத்து வரைக்கும் நிறைஞ்சிருக்கோணும். காத்து நிண்டால் பழுதாப்போம்." சாடியைப் பழைய கம்பளியால் மூடி ஓடை மூலையிலேயே வைத்தோம்.

இனி நான் சொல்வது உனக்கு முகத்துக்கு நேரே சொல்ல முடியாதது. எங்கள் ஆட்கள் எப்படி என்று உனக்குத் தெரியும். தகப்பனும் மகனும் ஒருவருக்கு முன்னால் ஒருவர் குடிக்கிறதில்லை. ஐம்பது வயது மகன் தாத்தாவாகியிருந்தாலும் தகப்பன் வந்தால் கிளாஸைக் கதிரைக்குக் கீழே வைப்பான். அதைப் பார்த்தும் பார்க்காததுபோலத் தகப்பன் வேறுபக்கம் திரும்பிக்கொள்வான். என் அப்பாவுக்கு முன்னால் நான் கால்மேல் கால் போட்டுக்கூட இருந்ததில்லை. மரியாதை என்று அதற்குப் பெயர். அப்படியிருக்க, வைன் போடலாம், தூள் கரைக்கலாம், மத்தால் கடையலாம், எப்படி இருக்கிறதென்று ருசி பார்க்கிறதற்கு மட்டும் எங்கள் இரண்டு பேருக்கும் வழியில்லை. நீ "ருசி பாப்பமோ அப்பா" என்று ஒருநாளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. வைன் போட்ட வீட்டில் வைன் குடிக்கிற ஆள் ஒருவரும் இல்லை என்கிற மாதிரி நடந்துகொண்டோம்.

ஆனால் எனக்கு மத்தியானச் சமையல் முடிந்து இரவுச் சமையல் தொடங்கும் வரைக்கும் ஓய்வு. ரெஸ்ரோரண்டிலிருந்து நடந்தே வீட்டுக்கு வந்துவிடுவேன். நீ வகுப்பில் இருப்பாய், அம்மா ஃபொபூர் சேன்-தெனித் தெருக் கடைகளில் மரக்கறி பார்த்துக்கொண்டு நிற்பாள். கம்பளியை விலக்கி, குழாயை விட்டு, அரைக் கிளாஸ் எடுத்து, யன்னலடியில் நின்று குடிப்பேன். முதல் தரம் புளித்தது. அடுத்த மாதம் கொஞ்சம் அடங்கியிருந்தது. பிறகு பிறகு அதில் ஏதோ ஒரு பழத்தின் வாசம் வரத் தொடங்கியது, என்ன பழமென்று எனக்குப் பிடிபடவில்லை. குறைந்ததை அப்படியே விட்டால் காற்று நிற்கும், நீயும் கண்டுபிடித்துவிடுவாய் என்ற பயம். ரெஸ்ரோரண்டில் குழம்புக்கு விடுகிற வைனைச் சின்னப் போத்தலில் கொண்டுவந்து கழுத்து வரைக்கும் நிரப்பிவிடுவேன். ஒரு விஷயம் மட்டும் விளங்கவில்லை. நான் நிரப்பிவிட்டுப் போன சாடி அடுத்த தரம் பார்க்கும்போது சிலவேளை நான் விட்டதைவிடக் கூடுதலாக நிறைந்திருக்கும். வயது போகிறது, கண் பிழைக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

போத்தலில் அடைத்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். வெறும் போத்தல்களை வேலையிடத்திலிருந்து சில்லுப் பையில் இழுத்து வந்து ஐந்து மாடியும் கிணுகிணுவென்று ஏற்றினதில் கீழ்வீட்டுக்காரி என்னைப் பெருங்குடிகாரன் என்று முடிவுகட்டி, அதன் பிறகு அம்மாவுக்கு மட்டும் வணக்கம் சொன்னாள். நீ மட்டையில் திகதி எழுதி ஒட்டினதும் நிலவறையில் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் போத்தல்களைப் படுக்கவைத்தோம். டிசம்பரில் நத்தார் விடுமுறைக்கு வந்த என் கூட்டாளிகளுக்கு ஒன்று திறந்தேன். எல்லாரும் நல்லாயிருக்கு என்றார்கள். நீ "எனக்குப் படிக்கக் கிடக்கு" என்று எழும்பி அறைக்குப் போனாய். நல்ல பிள்ளை, தகப்பனுக்கு மரியாதை தெரிந்த பிள்ளை என்று அவர்கள் சொன்னார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. வைன் ஏன் அன்றைக்கு ருசிக்கவில்லை என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு நீ வேலை கிடைத்து மொன்றியலுக்குப் போனாய். மிச்சமிருந்த போத்தல்களை உனக்கென்று ஒதுக்கி வைத்தேன். இந்தமாதிரிப் பெட்டி வைனை இரண்டு மூன்று வருஷத்துக்குள் குடித்துவிட வேண்டும், பெரிய தோட்டத்து வைன் மாதிரி இது காத்திருக்காது என்று சித்தப்பா படித்துப் படித்துச் சொன்னான். நீ வரட்டும், நீ வரட்டும் என்று நான்தான் வைத்திருந்தேன். நீ வந்தாய், கனகாலம் கழித்து, இரண்டு கிழமைக்கு. அம்மா ஆட்டிறைச்சி காய்ச்சியிருந்தாள். நான் நிலவறைக்கு இறங்கி ஒரு போத்தலைக் கொண்டுவந்து மேசையின் நடுவில் வைத்தேன். திறக்கிற கருவியையும் பக்கத்தில் வைத்தேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது. "உன்ர எழுத்துத்தான் மட்டையில" என்றேன். நீ போத்தலைக் கையில் எடுத்து, திருப்பிப் பார்த்து, "ஓம் அப்பா, என்ர எழுத்துத்தான்" என்று சொல்லி அதே இடத்தில் வைத்தாய். நீ கோக் குடித்தாய், நான் தண்ணீர் குடித்தேன். சாப்பிட்டு முடிந்ததும் அம்மா மேசையைத் துடைக்க வேண்டும் என்று போத்தலை எடுத்து அலுமாரிக்கு மேல் வைத்தாள். நீ விமானம் ஏறின பிறகு அதைத் திரும்ப நிலவறைக்குக் கொண்டுபோய் வைத்தேன். திறந்து தனியே குடிக்க மனம் வரவில்லை. உன்னை வழியனுப்பிவிட்டு வந்த அன்றைக்குக்கூட நான் அழவில்லை. நிலவறைப் படியில் அந்தப் போத்தலோடு இறங்கும்போது அழுதேன். இதையெல்லாம் உனக்கு எழுதுவேன் என்று நான் நினைத்ததில்லை.

அதன் பிறகு கொரோனா நோய்க்காலம் வந்தது, உன் விசாச் சிக்கல் வந்தது, உன் வேலை மாறியது. எனக்கு முழங்கால் போய்விட்டது. ஐந்தாம் மாடி சரிவராது என்று பாரிஸுக்கு வெளியே பொண்டியில் நிலத்தோடு இருக்கிற இந்த வீட்டுக்கு வந்தோம். லாச்சப்பல் நிலவறையைக் காலி செய்த அன்றைக்கு ஒரு போத்தலைத் திறந்து பார்த்தேன். நிறம் தேயிலைச் சாயம் மாதிரி மங்கியிருந்தது. வாசம் இல்லை. நாக்கில் ஒரு புளிப்பு மட்டும் நின்றது. படியில் குந்தியிருந்து, "பெடியன் ஒருக்காலாவது குடிச்சிருக்கலாம், ஒரு சொட்டுக்கூட வாயில வைக்கேல்லை" என்று அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா அரிசி மூட்டையைக் கட்டிக்கொண்டு நின்றவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "ஆர் குடிக்கேல்லை? நீங்கள் மத்தியானத்தில குடிப்பியள். அவன் வகுப்பால வந்து, நீங்கள் வேலைக்குப் போனாப் பிறகு அதே யன்னலடியில நிண்டு குடிப்பான். நீங்கள் ரெஸ்ரோரண்ட் வைனைக் கொண்டுவந்து விடுவியள். அவன் கடையில ஒரு மலிவு வைன் வாங்கியந்து விடுவான். ரெண்டு பேருக்கும் நான் ஒண்டும் தெரியாத ஆள்."

"உமக்குத் தெரிஞ்சும் ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் ரெண்டு பேரும் விட்டிடுவியள்." மூட்டையின் முடிச்சை இறுக்கிவிட்டு, "ஒருக்கா ரெண்டு பேரும் நிரப்ப மறந்துபோனியள். சாடிக் கழுத்து வெறுமையாக் கிடந்தது. நான்தான் திராட்சைச் சாறு வாங்கி விட்டனான்" என்றாள்.

நான் சிரித்தேன், தம்பி. அந்தப் படியில் இருந்து வயிறு நோகச் சிரித்தேன். அம்மா எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துபோனாள். பிறகு சிரிப்பு நின்றதும் படியிலேயே இருந்து கணக்குப் பார்த்தேன். ஆறு மாதம் நாங்கள் இரண்டு பேரும் ஒரே சாடியில், ஒரே குழாயால், ஒரே யன்னலடியில் நின்று குடித்திருக்கிறோம். இடையில் இருந்தது இரண்டு மூன்று மணித்தியாலம்தான். அந்த வீட்டில் கதையே இல்லாத காலம் அது. நான் வேலைக்குப் போகாமல் ஒருநாள் நின்றிருந்தால், நீ வகுப்பு விட்டு ஒருநாள் நேரத்தோடு வந்திருந்தால் என்று இப்போதும் யோசிக்கிறேன்.

கல்யாணம் செய்யப்போகிறவனுக்குத் தகப்பன் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். என்னிடம் இருப்பது இதுதான். உன் மனுசிக்குத் தெரியாமல் எதையும் நிரப்பாதே. குறைந்தால் குறைந்தது என்று சொல். புளித்தால் புளிக்கிறது என்று சொல். அவள் கலங்கியிருக்கிற நேரம் மத்தைக் கொண்டு போகாதே, கொஞ்சம் விடு, தெளிந்துவிடும். அம்மாவும் நானும் நாற்பது வருஷமாக ஒருவரை ஒருவர் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டு எத்தனையோ விஷயங்களைச் சொல்லாமல் விட்டிருக்கிறோம். அதில் சிலது நல்லதற்கு, பலது வீண். எது எது என்று பிரித்துச் சொல்ல இன்னும் எனக்குத் தெரியவில்லை.

இங்கே பொண்டிக்கு வந்து, வேலையும் விட்ட பிறகு, சித்தப்பாவிடம் சொல்லி இன்னொரு பெட்டி எடுத்துப் போட்டேன். தனியாகத்தான் செய்தேன். செய்முறைத் தாளைக் கண்ணாடி போட்டு நானே வாசித்தேன், ஈஸ்டைக் கலக்கவில்லை. வைன் நன்றாக வந்திருக்கிறது, தெளிவாக, நல்ல நிறத்தோடு. ஆனால் சாடியைப் போய்ப் போய்ப் பார்க்கிறேன், நான் விட்ட இடத்திலேயே நிற்கிறது. ஒரு விரல்கூடக் குறையவில்லை. ஒரு வீட்டில் வைன் குறையாமல் இருப்பது இவ்வளவு துக்கமான விஷயம் என்று சித்தப்பா எனக்குச் சொல்லித் தரவில்லை.

ஆகையால் கேட்கிறேன். கல்யாண மண்டபத்தில் வேண்டாம். பெண்ணின் தகப்பன் கோயில் நிர்வாகத்தில் இருக்கிறவர், அவருடைய சபையில் அவர் மனம் நோகக்கூடாது. நாங்கள் ஒரு கிழமை முன்பே வருகிறோம். வந்த மறுநாள், பகலில், உன் வீட்டு மேசையில் வைத்துக்கொள்வோம். வரப்போகிற மருமகளும் இருக்கட்டும். அம்மா முறைப்பாள், "சனம் கேட்டால் என்ன சொல்லும்" என்பாள். அவள் பேச்சை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ போட்ட வைனைக் கீழேயிருந்து கொண்டுவா. புளித்திருந்தாலும் பரவாயில்லை, கலங்கியிருந்தாலும் பரவாயில்லை. நீயே ஊற்று, முதலில் எனக்கு, பிறகு உனக்கு. ஊற்றிவிட்டுப் படிக்கக் கிடக்கு, வேலை கிடக்கு என்று எழும்பிப் போய்விடாதே. நானும் யன்னல் பக்கம் திரும்பமாட்டேன். நீ கைக்குழந்தையாகப் பால் குடிக்கும்போது உன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். காய்ச்சலுக்குப் பாணி மருந்து குடிக்கும்போது ஒரு கண்ணை மூடிக்கொண்டு குடிப்பாய், அதுவும் தெரியும். வைன் குடிக்கும்போது என் மகனின் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அதைப் பார்க்கத்தான் இந்த முழங்காலோடு அவ்வளவு தூரம் வருகிறேன்.

அப்பா